கூடுதல் பக்கம் போகும் மீன்கள்

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத் தரணுமா என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாக மீனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார், அதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்குகிறார். கல்யாணமான புதிதில் இதை யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டடத்தில், நீள வராந்தாவின் கடைசி அறை அவருடையது. காகிதத்தில் அவர் வேலையின் பெயர் தொட்டிப் பராமரிப்பாளர். தண்ணீர் மாற்றுவது, பாசி சுரண்டுவது, காற்றுக் குழாய் அடைத்துக்கொண்டால் வாய் வைத்து ஊதிவிடுவது. ஆனால் அங்கே எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே கணக்கு டீச்சர். இரண்டு பட்டம் வாங்கியவள். அந்த வளாகத்துக்குள் போனால் என்னை 'வாத்தியார் வீட்டம்மா' என்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வேலை இதுதான். கப்பி மீன், விரல் நீளம்கூட இருக்காது. அதில் ஒன்றை மட்டும் பிடித்து, நீளமான ஒரு தொட்டியின் நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் விடுவார். தொட்டியின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கறுப்பு அட்டை இருக்கும். ஒன்றில் நான்கு வெள்ளைப் புள்ளி, மற்றதில் எட்டு. குழாயை நூலால் மெல்ல மேலே இழுப்பார். மீன் உடனே போகாது. இந்தப் பக்கம் திரும்பி ஒரு கண்ணால் பார்க்கும், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். பிறகு ஏதாவது ஒரு கோடிக்குப் போகும். சரியான கோடியாக இருந்தால் அங்கே ஒரு சிட்டிகை இரை விழும். தப்பாகப் போனால் ஒன்றும் கிடையாது. அடி கிடையாது, திட்டு கிடையாது, பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா கிடையாது. என் பள்ளிக்கூடத்தைவிட அது நல்ல பள்ளிக்கூடம் என்று அவர் சொல்வார்.

அந்த ஆராய்ச்சியை நடத்துகிறவர் ஒரு மேடம். மெல்லிய குரல், கடுமையான சட்டம். நான்கு புள்ளிக்கும் எட்டுப் புள்ளிக்கும் மொத்த வெள்ளை ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மீன் புள்ளியைப் பார்க்காமல் வெளிச்சத்தைப் பார்த்துவிடும். இடது வலது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புள்ளி போட்ட சட்டை, பூப்போட்ட புடவை எதுவும் அறைக்குள் வரக் கூடாது. உள்ளே போகிறவர்கள் கழுத்து வரை மூடிய சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும்.

"மூணும் நாலும் அதுக்குத் தெரியும் டீச்சரம்மா" என்பார் வீட்டில், சாப்பிட்டுக்கொண்டே. கிண்டல் பண்ணும்போது என்னை டீச்சரம்மா என்பார். "எட்டும் ஒன்பதும் தெரியாது. எட்டும் பன்னெண்டும் தெரியும். எண்ணிக்கை பெருசாப் போச்சுன்னா ஒன்றரை மடங்காவது வித்தியாசம் இருக்கணும், அப்பத்தான் கண்டுபிடிக்கும்."

"என் கிளாஸ்ல கடைசி பெஞ்சும் அப்படித்தான்."

"கடைசி பெஞ்சுக்குப் பயம் இல்ல. மீனுக்குப் பயம் இருக்கு. தனியா விட்டா கூட்டம் அதிகமா இருக்கிற பக்கம்தான் ஓடும், பெரிய மீன் வந்தா நூத்துல ஒண்ணாத் தப்பிச்சுக்கலாம்னு. பயந்தவனுக்குத்தான் எண்ணத் தெரியும்."

அவரும் அப்படித்தான். பஸ்ஸில் பத்து இடம் காலியாக இருந்தாலும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற பக்கம்தான் போய் உட்காருவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் பயிற்சி வகுப்புக்கு என்று இரண்டு நாள் வெளியூர் போனால், அந்த இரண்டு நாளும் மீன் அறையிலேயே படுத்துக்கொள்வார். இதைச் சொல்லிச் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

போன வருஷம் எனக்கு இருமல் வந்தது. சாக்பீஸ் தூள் என்று நினைத்தேன். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கறுப்புப் படத்தில் என் இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். இதே புள்ளிகள் என் அக்காவுக்கும் வந்தன. இரண்டு வருஷம் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு படத்துக்கும் "அப்படியேதான் இருக்கு" என்றார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி ஆனாள், கடைசிவரைக்கும் அப்படியேதான் இருந்தது. அதனால் முதல் ஊசிக்கு முன்பே அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"குறைஞ்சா ஊசி போட்டுக்கறேன். கூடுச்சுன்னா நிறுத்திடணும். அக்கா மாதிரி என்னால சாக முடியாது. வீட்லயே நிம்மதியா இருந்துட்டுப் போறேன்."

அவர் டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்லுளிமங்கன்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது படம். டாக்டர் இரண்டையும் விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார். "பெருசா மாத்தம் இல்லம்மா, அப்படியேதான் இருக்கு" என்றார். அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை. வீட்டுக்கு வந்து சன்னல் கண்ணாடியில் இரண்டு படத்தையும் ஒட்டி நானே எண்ணினேன். விலா எலும்பு குறுக்கே வருகிறது, ரத்தக் குழாய் குறுக்கே வருகிறது. ஒரு தடவை எண்ணினால் இருபத்தொன்று, இன்னொரு தடவை இருபத்தாறு. கணக்கு டீச்சருக்குத் தன் நெஞ்சில் இருக்கிறதை எண்ணத் தெரியவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

அவர் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "நம்ம அட்டை மாதிரியே இருக்கே" என்றார்.

விடுமுறை நாளிலும் மீனுக்கு இரை போட அவர் போக வேண்டும். அந்த வாரம் காலையில் போனவர் சாயங்காலம்தான் வந்தார். வந்ததும் குழாயடியில் நின்று கையைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அடுத்த விடுமுறைக்கு, "வா, மீன்கிட்டயே கேட்டுடலாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அறைக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. வாசலில் எனக்குக் கோட்டு மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை அவரே போட்டுவிட்டார். உள்ளே அரை இருட்டு. தொட்டிகளுக்கு மேல் மட்டும் விளக்கு. காற்றுக் குழாய்களின் சத்தம் யாரோ மூச்சுவிடுவது போல் சுற்றிலும் கேட்டது. சுவர் ஓரமாக ஒரு வரிசைத் தொட்டிகள், கறுப்புத் தாள் ஒட்டிய சன்னல் ஓரமாக இன்னொரு வரிசை. சுவர் வரிசையிலிருந்து ஒரு மீனை வலையில் எடுத்து நடுத் தொட்டிக் குழாயில் விட்டார். படங்களை நுரையீரல் மட்டும் தெரிகிற மாதிரி கறுப்புத் தாளால் மறைத்து, இரண்டு கோடியிலும் மாட்டி, பின்னால் விளக்குப் போட்டார். தண்ணீருக்கு இரண்டு பக்கமும் என் நெஞ்சு நின்றது. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"எலும்பு ரெண்டுலயும் ஒரே எண்ணிக்கை. வித்தியாசம் இருந்தா புள்ளியிலதான் இருக்கணும்" என்றார். "இது பழசு. அது புதுசு. கூட இருக்கிற பக்கம்தான் மீன் போகும், அப்படித்தான் பழக்கியிருக்கு."

நூலை இழுத்தார். மீன் நின்றது. அந்த இரண்டு நொடி என் வாழ்நாளில் மறக்காது. கண்ணிமை இல்லாத ஒரு பொட்டுக் கண், என் உள்ளே இருப்பதை அளந்துகொண்டிருந்தது. பிறகு திரும்பி, நேராகப் பழைய படத்தின் பக்கம் போய்விட்டது. படங்களை இடம் மாற்றி மாட்டினார். இன்னொரு மீன். அதுவும் பழையதற்கே போனது. ஆறு மீன் விட்டார், ஆறும் பழையதற்கே போயின.

"பழசுலதான் கூட. இப்போ குறைஞ்சிருக்கு. அதுவும் மீனுக்கே தெரியற அளவுக்குன்னா நல்லாவே குறைஞ்சிருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோட்டோடு அவரைக் கட்டிக்கொண்டேன். டாக்டரின் கண்ணுக்குத் தெரியாதது இந்தப் பொட்டுப் பூச்சிகளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவற்றைக் கும்பிடக்கூடத் தோன்றியது.

ஊசியைத் தொடர்ந்தேன். மூன்று வாரத்துக்கு ஒன்று. வாயெல்லாம் புண், சோறு மண் மாதிரி, தலையில் கை வைத்தால் முடி கையோடு வரும். பரவாயில்லை, குறைகிறது, குறைகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் நான் தேறத் தேற அவர் வற்றிக்கொண்டே போனார். பேண்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட்டு பெல்ட் மாட்டினார். நோயாளி நானா நீங்களா என்று கேட்டால், வெயில் ஜாஸ்தி என்பார்.

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். அறைச் சாவி அவரிடம் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் மீன்களைப் பற்றிப் பேசினார், பாவம்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி பொறுமை யாருக்கும் வராதும்மா. சன்னல் வரிசை பூரா கூடுதல் பக்கம் போகும். சுவர் வரிசை பூரா குறைச்சல் பக்கம் போகும். பாதிக்குப் பாதி நேர் எதிரா பழக்கினாத்தான், மீன் நிஜமாவே அளவைப் பார்க்குதான்னு நமக்கு நிச்சயம் ஆகும். ரெண்டு வரிசையும் அவர் பழக்கினதுதான்."

காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் எனக்குக் காட்டிய ஆறும் சுவர் வரிசை மீன்கள். குறைச்சல் பக்கம் போகிற மீன்கள். ஆறும் பழைய படத்துக்குப் போயின. அப்படியென்றால் குறைச்சல் பழையதில். கூடுதல் புதியதில். கூடுதல் என்றால் ஒன்றிரண்டு கூடுதல் இல்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாத மீனுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடுதல். இந்தக் கணக்கைப் போட எனக்கு அரை நிமிஷம் ஆகவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், அதுவும் என் கண்ணெதிரில் பரிமாறி. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மூன்றாவது படம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. டாக்டர் அதே வாக்கியத்தைச் சொன்னார். கூடவே, "படத்துல ஒரு அளவுக்கு மேல இருக்கிறதுதான் தெரியும். அதைவிடச் சின்னது இருந்தா தெரியாது" என்றும் சொன்னார். அந்த விடுமுறை நாளில் நானே சொன்னேன், வாங்க, மீன்கிட்ட கேட்கலாம் என்று.

அறைக்குள் போனதும் அவர் வலையை எடுத்துக்கொண்டு சுவர் வரிசைப் பக்கம் நடந்தார்.

"அது வேண்டாம்" என்றேன். "சன்னல் பக்கத்துல இருந்து எடுங்க."

வலை அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க. மேடம் சொல்லிட்டாங்க."

"முதல் தடவை சன்னல் வரிசையிலதான் பார்த்தேன்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. "பத்து விட்டேன். ஒன்பது புதுசுக்குப் போச்சு."

"என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"ஊசியை நிறுத்திடுவேன்னு சொன்னியே." வலையைத் தொட்டி விளிம்பில் வைத்தார். "எட்டும் ஒன்பதும் மீனுக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணும் பிறந்த குஞ்சுக்கே தெரியும். நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

எனக்கு ஆத்திரம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆத்திரமும் இருந்தது, அந்தக் கூனிய முதுகைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இருந்தாலும் இது என் உடம்பு. "இன்னிக்கு நேர்மையா பாருங்க" என்றேன். "புதுப் படத்துக்குப் போனா ஊசி இன்னியோட நிறுத்தம். போன படத்துக்குப் போனா தொடரலாம். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அடிக்க முடியாமல், மொட்டைத் தலையில் மெல்லக் கையை வைத்தார். பிறகு சன்னல் வரிசையிலிருந்து ஒரு மீனைக் கொண்டுவந்தார். இடது கோடியில் இரண்டாவது படம், வலது கோடியில் மூன்றாவது. நான் தொட்டியின் நீளவாட்டில், நடுவில் நின்றேன். நூலை இழுத்தார்.

மீன் இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் பார்த்தது. பிறகு எங்கேயும் போகாமல் நின்ற இடத்திலேயே திரும்பி, என்னைப் பார்த்தது.

மெதுவாக வந்தது. என் நெஞ்சுக்கு நேராகக் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றது. நான் ஒரு அடி நகர்ந்தேன். அதுவும் நகர்ந்தது. குனிந்தேன், அதுவும் கீழே இறங்கியது. மறுபடி என் நெஞ்சுக்கு நேரே. கோட்டில் ஒரு புள்ளி கிடையாது, ஒரு கறை கிடையாது, குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"பழக்கம் விட்டுப் போயிருக்கும்" என்றார் அவர். அதை எடுத்துவிட்டு வேறொன்றை விட்டார். இதற்குப் படங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் தேவைப்படவில்லை. நூல் மேலே போனதும் நேராக என்னிடம் வந்தது. நான் மூச்சை அடக்கினேன். மூச்சுவிட்டால் உள்ளே இருப்பவை அசையும், அதை அது பார்க்கும் என்று தோன்றியது. அப்போது மேலே இருந்து அவர் கை நீண்டது. ஒரு சிட்டிகை இரை, நான் நின்ற பக்கத்தில், மீனின் தலைக்கு மேல் விழுந்தது.

இருபத்திரண்டு வருஷக் கை. சரியான விடைக்கு இரை போட்டுப் பழகிய கை. போட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்தார். முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அந்த மீன் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, அவர் உட்கார்ந்திருந்த விதம் தாங்க முடியாததாக இருந்தது. தனியாக ஒரு தொட்டியில் போட்ட மாதிரி, எந்தப் பக்கமும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க" என்றேன். "புதுப் படத்துக்குப் போனா நிறுத்தணும்னு தானே பேச்சு?"

தலையாட்டினார்.

"புதுப் படத்துக்குப் போகலயே. பழசுக்கும் போகல. அப்போ இந்தச் சத்தியம் செல்லாது. கேள்வியே தப்புன்னா விடைக்கு மார்க் கிடையாது." தோளைப் பிடித்து எழுப்பினேன். "நாளைக்கு ஊசி எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்கு" என்றார், அழுகையோடு.

"எட்டு மணிக்கே போயிடலாம். இல்லைன்னா டோக்கன் கிடைக்காது."

படங்களைக் கழற்றி உறையில் போட்டார். நடுத் தொட்டியின் விளக்கை அணைத்தார். நாங்கள் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே வாசலை நோக்கி நடந்தோம். அவர் தலை குனிந்து முன்னால் போனார். நான் தலை நிமிர்ந்துவிட்டேன்.

சன்னல் வரிசையில், தொட்டிக்குத் தொட்டி, எல்லா மீன்களும் என் பக்கக் கண்ணாடியில் ஒட்டி நின்றன. நான் நடக்க நடக்கக் கூடவே நகர்ந்தன. மறுபக்கம் திரும்பினேன். சுவர் வரிசையில் என் பக்கம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அந்தக் கோடியில், சுவரோடு சுவராக ஒண்டிக் கிடந்தன.

"என்ன, நின்னுட்டே?" என்று அவர் திரும்பப் போனார்.

இரண்டே எட்டில் போய் அவர் முகத்தை வாசல் பக்கமே பிடித்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லங்க, கோட்டுப் பொத்தான் மாட்டிக்கிச்சு. நீங்க நேரா நடங்க" என்று சொல்லி, கதவு சாத்துகிறவரை அவரைத் திரும்ப விடவில்லை.